புரட்டாசி வேலை

சிறுவயதில் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றி ஒரு பாடம் இருந்தது. விறகு அடுக்குவார்கள், புகைபோக்கியைத் துடைப்பார்கள். புதுச்சேரிப் பிள்ளைகளான எங்களுக்கு அது வெறும் கதைதான். நமக்குக் குளிர்காலம் என்றால் மழைக்காலம். ஐப்பசியில் வரும் அந்த மழைக்குப் புரட்டாசியிலேயே வீட்டைத் தயார் செய்துவிடுவார்கள்.

இந்தப் பருவத்துப் புயல் நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இடம் பிடித்திருக்கிறது. 1761 ஜனவரி 1 அன்று, ஊரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. ஆனாலும் அதே மாதம் 16ஆம் தேதி ஊர் அவர்கள் கைக்குப் போனது. பிறகு அவர்கள் ஊரை இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் பார்க்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்தவை.

அந்த வீடுகளின் மெத்தை எப்படிப் போட்டது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தேக்கு உத்தரத்தின் மேல் மரச்சட்டங்கள், அதன்மேல் சாய்வரிசையில் நிறுத்தி வைத்த சின்னச் செங்கற்கள், அதற்கும் மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி. சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள்.

இத்தனை உழைப்பில் எழுந்த வீட்டுக்கு வருஷம் ஒருமுறை கவனிப்பு வேண்டும். புரட்டாசி பிறந்ததும் என் அப்பா ஏணியோடு மெத்தைக்கு ஏறுவார். தூம்பில் அடைத்த சருகை எடுப்பது, சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குவது, வெடிப்பில் சுண்ணாம்பு பூசுவது, தாழ்வாரத்தில் உடைந்த நாட்டு ஓட்டை மாற்றுவது, கீலுக்கு எண்ணெய் விடுவது, விறகையும் வரட்டியையும் நனையாத இடத்துக்கு மாற்றுவது, எல்லாம் அவர் கணக்கில் உண்டு. இதற்கு அவர் சொல்லும் பிரெஞ்சுச் சொல் 'ஆந்த்ரத்தியேன்'. பராமரிப்பு என்று பொருள். உரையாடல் என்றும் பொருள் உண்டு என்று பள்ளியில் முசியே சொல்லித் தந்தார்.

அப்பாவுக்குப் பின் வீடு என் பொறுப்புக்கு வந்தது. அலுவலக வேலை, பிள்ளைகள் படிப்பு என்று நான் ஏணி ஏறவில்லை. ஒருமுறை ஒழுகியபோது, ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்று நினைத்து மெத்தை முழுக்கச் சிமெண்டு பூசச் சொன்னேன். கொத்தனார் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கினாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்டோ உள்ளே போன ஈரத்தை அடைத்து வைக்கும். சில வருஷங்களில் சுவருக்குள் இருந்த உத்தரத்தின் நுனி உளுத்துப் போனது. அந்த அறையைப் பிரித்துத்தான் கட்ட வேண்டியதாயிற்று. மரம் வாங்கப் பணம் கிடைத்தது, அந்தத் தேக்கு கிடைக்கவில்லை.

2014 நவம்பர் 29 அன்று, விடாத மழையில் கடற்கரையில் இருந்த நம் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. 1870-71இல் கட்டியது. என் பிறப்பைப் பதிவு செய்ய அப்பா படியேறிப் போன இடம். மறுநாள் போய்ப் பார்த்தேன். மழை விழுத்தியது என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அதற்கு முன் எத்தனையோ மழையைத் தாங்கிய கட்டடம் அது. கவனிக்காமல் விட்ட வருஷங்கள்தான் அதை விழுத்தின என்று எனக்குப் பட்டது. அதே வடிவில் திரும்பக் கட்டிவிட்டார்கள், மகிழ்ச்சிதான். ஆனாலும் பழைய சுவர் பழைய சுவர்தானே.

இப்போது எனக்கு ஏணி ஏற முடியாது. ஒவ்வொரு புரட்டாசியிலும் பேரனை ஏறச் சொல்லிக் கீழே நின்று பிடித்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுத் தூம்பையும் யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடிச் சருகுதான், எடுத்துவிட்டால் போதும்.