கரிசல் களத்தின் ஐவர்

விருதுநகரிலோ சிவகாசியிலோ ஒருவரை அறிமுகம் செய்யும்போது, "இவர் யூனிவர்சிட்டி பிளேயர்" என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர் இன்று பருப்பு மண்டி வைத்திருக்கலாம், அச்சகம் நடத்தலாம், பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கலாம். ஆட்டத்தை விட்டு முப்பது ஆண்டு ஆகியிருக்கலாம். அந்தப் பட்டம் மட்டும் அவரை விட்டுப் போவதில்லை. நம் மாவட்டத்துக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கிடைத்துவந்த பெரிய கௌரவம், பல்கலைக்கழக அணியில் ஆடியவர் என்ற இந்தப் பட்டம்தான். அதன் வரலாற்றை எழுதிவைக்க விழா மலரைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய விளையாட்டு இது. தமிழ்நாட்டில் இது வேர் பிடித்ததில் ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும்பங்கு உண்டு. 1956இல் காரைக்குடியில் அழகப்பரின் பெயரால் ஓர் உடற்கல்விக் கல்லூரி வந்தது. இத்தகைய இடங்களில் பயின்று வந்த 'பி.டி. சார்'களே தென்மாவட்டங்களில் இந்த ஆட்டத்தைக் கட்டி எழுப்பினார்கள்.

அதற்குக் களம் தந்தவை வியாபாரமும் தொழிலும். மகமைப் பணத்தில் பள்ளிக்கூடங்கள் கட்டிய விருதுநகரில் 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரி பிறந்தது. கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், 1963இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியை நிறுவினார். கரிசல் மண்ணில் ஆடுகளம் போடுவது லேசான காரியம் அல்ல. மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கிற மண் அது. சிமென்ட் தளம் போட்டாலும் அடியில் மண் அசைந்தால் மேலே விரிசல் ஓடிவிடும். அந்த விரிசல்களைத் தாண்டிப் பந்தைத் தட்டிப் பழகியவனுக்குப் பந்து எந்தத் தரையிலும் கைக்கு வரும்.

1966 வரை நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. விருதுநகர்ப் பையன் ஒருவன் பல்கலைக்கழக அணிக்குள் நுழைய, பரந்த மாகாணத்தின் ஆட்டக்காரர்களோடு மோத வேண்டும். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் தேர்வுக்களம் ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம். போட்டி அதனால் எளிதாகிவிடவில்லை. அன்றைய மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கல்லூரிகள் எல்லாம் அந்த ஒரே குடையின் கீழ் இருந்தன. அத்தனை பேரிலிருந்து பன்னிரண்டு பேர்தான் தேர்வாவார்கள். அந்தப் பன்னிரண்டில் சிவகாசிப் பிள்ளை ஒருவன் இருந்தால் அது அவன் வீட்டுச் செய்தியாக மட்டும் நின்றதில்லை, தெருவே பேசும். இந்தத் தேர்வுகள் பெரும்பாலும் தீபாவளிச் சரக்கு லாரி ஏறும் மாதங்களை ஒட்டியே வரும். வீட்டில் எல்லாரும் இரவு பகலாக வேலையில் இருக்கும் நாளில் ஒரு பையனை ஆட அனுப்பிவைத்த தாய் தகப்பனுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு.

இந்தக் கௌரவத்துக்குக் கையில் பிடிக்கும் வடிவமும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியதற்கான 'படிவம் 3' சான்றிதழ் அது. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் அதற்கு மதிப்பு உண்டு. நம் தென்மாவட்டக் குடும்பங்களுக்கு வெள்ளிக் கோப்பையைவிட அந்தத் தாள் பெரிது என்பதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இதே கௌரவம் வேறு வழியில் வளர்ந்தது. அங்கே ஒவ்வொரு சீசன் முடிவிலும் நாட்டின் சிறந்த கல்லூரி ஐவரை 'ஆல் அமெரிக்கா' என்று அறிவிக்கிறார்கள். பல பட்டியல்களை ஒத்துப்பார்த்துப் பெறும் பொதுப் பட்டியல் 1929 வரை பின்னோக்கிக் கிடைக்கிறது. 1930 முதல் 1932 வரை மூன்று முறை அதில் இடம்பெற்ற ஜான் வுடன், பிறகு யு.சி.எல்.ஏ. பயிற்சியாளராக 10 தேசியப் பட்டங்கள் வென்றார். அவர் பெயரிலேயே 1977 முதல் விருது ஒன்று வழங்கப்படுகிறது. அசோசியேட்டட் பிரஸ் 1961இல் ஜெர்ரி லூகாஸில் தொடங்கி ஆண்டின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுத்துவருகிறது. அங்கே பத்திரிகையாளர்கள் வாக்களிக்கிறார்கள். இங்கே களத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்த பி.டி. சார்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நேரில் கண்ட கண்களை நான் மதிக்கிறேன். ஆனால் அமெரிக்கரிடம் நாம் கற்க வேண்டியது, எழுதிவைக்கும் பழக்கம்.

நம் ஸ்கோர் ஷீட்டில் புள்ளியும் ஃபவுலும் மட்டுமே ஏறுகின்றன. ரீபவுண்டு பிடித்தவனும், பந்தைக் கொடுத்துக் கூடை போடவைத்தவனும் அதில் இல்லை. ஆகவே 'சிறந்த ஆட்டக்காரர்' கோப்பை அதிகம் புள்ளி போட்டவன் பக்கமே சாய்கிறது. பழைய ஆட்டக்காரர்களின் புள்ளிகளை இன்றைய கணக்கோடு ஒப்பிடுவதும் நியாயம் ஆகாது. மூன்று புள்ளிக் கோட்டைச் சர்வதேச விதிகள் ஏற்றது 1984இல்தான். அதற்கு முன் எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டே புள்ளி.

இன்று இன்னொரு சிக்கல். விருதுநகர், சிவகாசிக் கலைக் கல்லூரி மாணவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்காக ஆடுகிறார்கள். 1984இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழக அணி. அதே ஆண்டில் கிருஷ்ணன்கோவிலில் தொடங்கிய கலசலிங்கம் இப்போது தானே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஒரே தெருவில், ஒரே வளையத்தில் பழகிய மூன்று பையன்கள் மூன்று பல்கலைக்கழகச் சட்டைகளில் எதிரெதிரே நிற்கக்கூடும். எந்தப் பல்கலைக்கழகத் தேர்வும் இவர்களைச் சேர்த்துப் பார்க்காது. நம் மாவட்டமே ஒரு சீசனின் ஐவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

ஐவரில் ஓர் இடம் பந்தைச் சுமந்து ஆட்டத்தை நடத்துபவனுக்கும், ஓர் இடம் வளையத்தின் கீழ் உடம்பால் உழைப்பவனுக்கும் உறுதியாக இருக்கட்டும். எல்லாக் கல்லூரி பி.டி. சார்களும் வாக்களிக்கட்டும், தம் கல்லூரிப் பையனுக்கு மட்டும் வாக்களிக்காமல். நாடு முழுக்கக் காலண்டர் அச்சிட்டு அனுப்பும் சிவகாசியில், ஐந்து பேரின் படத்தோடு ஆண்டுக்கொரு தாள் அச்சிடுவது யாருக்கும் பாரமாகாது.

பழைய சீசன்களையும் விட்டுவிடக் கூடாது. 1947 முதல் இன்றுவரை பல்கலைக்கழக அணியில் ஆடிய நம் மாவட்டத்துக்காரர்கள், தாம் ஆடிய ஆண்டு, கல்லூரி, ஆடிய இடம், சட்டை எண் ஆகியவற்றை எழுதி, சான்றிதழ் நகலோடு அவரவர் கல்லூரி உடற்கல்வித் துறையிடம் கொடுங்கள். மறைந்தவர்களுக்காக வீட்டார் எழுதலாம். சான்றிதழ் தொலைந்திருந்தால் அணிப் புகைப்படம் போதும். அதுவும் இல்லையென்றால், உடன் ஆடிய இருவர் கையெழுத்திட்டுத் தரட்டும்.