கைப்பட்டை யார் கையில்? சித்தூர் – திருப்பதி வட்டாரத்தில் இரத்த அழுத்த அளவீட்டின் வரலாறு

இரத்த அழுத்தத்தின் வரலாறு என்றாலே கருவிகளும் மருந்துகளும் வந்த வரிசையைச் சொல்வது வழக்கம். அளந்தவர் யார், அளக்க நோயாளி எங்கே போக வேண்டியிருந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரத்தம் உடலைச் சுற்றி இதயத்துக்கே திரும்புகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவினார். அந்த ஓட்டத்துக்கு ஓர் அழுத்தம் உண்டு என்பதை அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரையின் தமனியில் அவர் செருகிய குழாயில் இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. அந்தச் சோதனைகளை 1733இல் வெளியிட்டார். மனிதரிடம் இதைச் செய்ய முடியாது. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி உருவாக்கிய கைப்பட்டையே அந்தத் தடையை நீக்கியது. பட்டையை மேல்கையில் சுற்றிக் காற்றடித்தால் தமனி நசுங்கி ஓட்டம் நிற்கும். காற்றை மெல்ல இறக்கும்போது முழங்கை மடிப்பில் முதலில் கேட்கும் தட்டல் ஒலி மேல் அழுத்தம். ஒலி முற்றும் அடங்கும் இடம் கீழ் அழுத்தம். இந்த ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் சொன்னார்.

அந்த இரண்டு எண்களும் எதைக் காட்டுகின்றன? ஓய்விலிருக்கும் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. இந்த அளவும், சிறு தமனிகள் சுருங்கியும் விரிந்தும் தரும் தடையும் சேர்ந்து அழுத்தத்தை முடிவு செய்கின்றன. உப்பையும் நீரையும் தேக்கியோ வெளியேற்றியோ சிறுநீரகம் அதை நீண்ட காலத்துக்கு நிலைநிறுத்துகிறது. திருமலை அடிவாரமான அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறுபவரின் உடலில் இந்த ஏற்பாடு முழு வீச்சில் வேலை செய்யும். இதயம் பல மடங்கு இரத்தத்தை வெளியேற்ற, மேல் அழுத்தம் உயரும். தொடைத் தசைகளின் சிறு தமனிகள் விரிந்து கொடுப்பதால் கீழ் அழுத்தம் பெரிதாக மாறாது. தமனிகள் விறைத்துப்போனவருக்கோ மேல் அழுத்தம் எல்லை மீறி ஏறக்கூடும். உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் நடந்து ஏற வேண்டாம் என்று 2024இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அறிவுறுத்தியதன் உடலியல் நியாயம் இதுதான். மலையுச்சியில் ஆக்சிஜன் குறைவு என்பதும் பேசப்படுகிறது. ஆனால் திருமலையின் சுமார் 850 மீட்டர் உயரம் பெரிய பொருட்டல்ல. இதயத்தைச் சோதிப்பவை படிகளே.

சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் 1911இல் உருவானது. அக்காலத்தில் இவ்வட்டாரத்து மருத்துவத்தின் பெருங்கவலை காசநோய். மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை 1910களில் எழுந்து தென்னிந்தியா முழுவதும் பெயர் பெற்றது. காசநோயாளி இருமினார், மெலிந்தார், மருத்துவரைத் தேடி வந்தார். இரத்த அழுத்தம் அப்படி எந்த அடையாளமும் காட்டுவதில்லை. கண்டுபிடித்தாலும் தருவதற்குச் சரியான மருந்தும் அப்போது இல்லை.

மருந்து இந்தியச் செடியிலிருந்தே வந்தது. சர்ப்பகந்தாவின் பயனை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார். அதிலிருந்து ரெசர்பின் 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. ரெசர்பினும் வேறு இரு மருந்துகளும் சேர்த்துக் கொடுத்து அமெரிக்காவில் 143 ஆண்களிடம் நடந்த ஆய்வு 1967இல் வெளியானது. மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு. மருந்து பெற்றவர்களில் 2 பேருக்கு மட்டும். உடல்நலத்தோடு இருப்பதாகத் தோன்றுபவரையும் தேடிப்போய் அளக்க வேண்டிய கடமை மருத்துவத்துக்கு வந்தது அப்போதுதான்.

திருப்பதியில் கட்டடங்கள் எழுந்தன. 1960இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி, 1993இல் தேவஸ்தானத்தின் ஆதரவில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் (ஸ்விம்ஸ்), 2021இல் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மையம். இவற்றின் அருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மருத்துவமனை நோயாளியின் வரவுக்குக் காத்திருக்கும் இடம். தலைச்சுற்றல்கூட இல்லாத ஒருவர் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி பிபி பார்க்க ஏன் வரப்போகிறார்?

இதற்கு விடை தேடிய ஆய்வுகளில் ஒன்று, 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ரிஷிவேலிப் பகுதியில் நடந்தது. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமாண்டா திரிஃப்டும் இந்திய ஆய்வாளர்களும் ரிஷிவேலி, மேற்கு கோதாவரி, திருவனந்தபுரம் ஆகிய மூன்று பகுதிகளிலும் 2015–16இல் இந்த ஆய்வைத் தொடங்கினர். பயிற்சி பெற்ற ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் இரு வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு கூட்டங்கள் நடத்தினர். உப்பு, நடை, மாத்திரையை விடாமல் உட்கொள்வது ஆகியவற்றைப் பேசினர். தாங்களே கைப்பட்டை கட்டி அளந்தனர். கூட்டம் நடந்த ஊர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தோர் 49.5 விழுக்காட்டிலிருந்து 69.7 ஆயினர், வழக்கமான சிகிச்சை மட்டும் இருந்த ஊர்களில் 52.2இலிருந்து 61.7. மேல் அழுத்தமும் முதல் பிரிவினருக்குச் சராசரியாக 5 மி.மீ. கூடுதலாகக் குறைந்தது. ஆயிரக்கணக்கானோரிடம் இந்த 5 மி.மீ. நிலைத்தால் பக்கவாதம் கணிசமாகக் குறையும்.

இந்த முடிவை அளவோடுதான் ஏற்க வேண்டும். கூட்டங்களில் சேர்க்கப்பட்ட 637 பேரில் 459 பேரையே இறுதியில் மீண்டும் அளக்க முடிந்தது. வராமல் போனவர்களின் நிலை மோசமாக இருந்திருக்கலாம். மறுபுறம், வழக்கமான சிகிச்சைப் பிரிவிலும் முன்னேற்றம் உண்டு. ஊருக்குள் வந்து ஒருமுறை அளந்து எண்ணைச் சொன்னதே ஒரு தூண்டுதலாக இருந்திருக்கக்கூடும் என்று கருதுகிறேன். அப்படியானால் அதுவும் இக்கட்டுரையின் வாதத்துக்கே வலுச்சேர்க்கும்.

உடலியலாளரின் கூடத்தில் தொடங்கிய அளவீடு மருத்துவரின் மேசைக்கும், அங்கிருந்து ஆஷாவின் கைக்கும் வந்துசேர ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின. ஆனால் திட்ட விதிகளின்படி ஆஷா இன்றும் நிரந்தர ஊழியர் அல்லர், ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர். தடுப்பூசி, பேறுகாலப் பராமரிப்பு என்று ஏற்கெனவே நிரம்பிய அவருடைய வேலைப் பட்டியலில், ஊரிலுள்ள ஒவ்வொருவரின் இரத்த அழுத்தத்தையும் ஆண்டு முழுவதும் கண்காணிக்கும் பொறுப்பைச் சேர்ப்பதென்றால், அதற்குரிய ஊதியத்தையும் அரசு சேர்த்தாக வேண்டும்.