ஒரே ப்ரோக்ராம், ரெண்டு பில்ட்: கான்ஃபிக் கோப்புகளின் கொசுவத்தி

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம். ஊருக்கு பஸ் பிடிக்கிற அவசரத்துல, டெஸ்ட் சர்வருக்குன்னு பில்ட் போட்ட வார் ஃபைலை ப்ரொடக்‌ஷன்ல ஏத்திட்டேன். எர்ரர் ஒண்ணுமே வரலை, அதுதான் வினை. ரெண்டு மணி நேரம் வாடிக்கையாளர்கள் போட்ட ஆர்டர் எல்லாம் சமர்த்தா டெஸ்ட் டேட்டாபேஸ்ல போய் உக்காந்துச்சு. ராத்திரி முழுக்க ஒவ்வொண்ணா எடுத்து மாத்தினேன். (டேமேஜர் சொன்னதை எழுதினா பதிவு சென்சாருக்குப் போயிடும்.) ஒரே ப்ரோக்ராமுக்கு எதுக்குய்யா ரெண்டு பில்ட்டுன்னு அப்புறம் தோண்டினதுல கிடைச்ச கதை இது.

ஜாவா பக்கம் ஆரம்பம் ஆன்ட். சன் நிறுவனத்துல டாம்கேட் வேலையில இருந்த ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், மேக் கோப்புகளோட டேப் தொல்லை தாங்காம எழுதினது. 2000 ஜூலையில தனியா வெளிவந்துச்சு. கான்ஃபிக் கோப்புல @முகவரி@ன்னு ஒரு குறி வெச்சா, பில்ட் நேரத்துல அங்க நிஜ மதிப்பைப் போட்டுடும். 2005 அக்டோபர்ல வந்த மேவன் 2.0, இதுக்கு மேல ப்ரொஃபைல்னு ஒண்ணைக் கொடுத்துச்சு. டெஸ்டுக்கு ஒண்ணு, ப்ரொடக்‌ஷனுக்கு ஒண்ணு.

வசதிதான். ஆனா டெஸ்டர் நாலு நாள் தட்டிப் பாத்து ஓகே சொன்ன ஃபைல் வேற, நாம ப்ரொடக்‌ஷன்ல ஏத்துற ஃபைல் வேற! நடுவுல இன்னொரு பில்ட் ஓடியிருக்கு. அதுல ஒரு லைப்ரரியோட வெர்ஷன் மாறியிருந்தா யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்கு ரெண்டு ஃபைலுக்கும் ஒரே பேர். நான் விழுந்த குழி அதேதான்.

2004-ல வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் வேற வழியில போச்சு. ஒரே கோப்புல டெவலப்மென்ட், டெஸ்ட், ப்ரொடக்‌ஷன்னு மூணு பகுதி. எதை எடுக்கணும்ங்கறது ஓடும்போது முடிவாகும். ரெண்டாவது பில்ட் தேவையில்லை. ஆனா ப்ரொடக்‌ஷன் பாஸ்வேர்டும் கோடோட கோடா ஊர் சுத்தும்.

இந்த ரெயில்ஸ் ஆட்களுக்காக ஆரம்பிச்ச ஹெரோக்குவோட நிறுவனர்கள்ல ஒருத்தர் ஆடம் விக்கின்ஸ். 2011-ல 'ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்'னு பன்னண்டு விதி எழுதினார். மூணாவது விதி கான்ஃபிக்: எல்லாத்தையும் என்விரான்மென்ட் வேரியபிள்ல வை. அவர் சொன்ன சோதனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. உன் கோடை இந்த நிமிஷமே ஊருக்குத் திறந்து விட்டா ஏதாவது ரகசியம் வெளிய போகுமா? வேடிக்கை என்னன்னா, என்விரான்மென்ட் வேரியபிள் 1979-ல வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புலயே இருந்த சரக்கு.

விதி இருந்தா போதுமா? 2016-ல ஊபர் ஆட்களோட தனிப்பட்ட கிட்ஹப் கிடங்குல இருந்த அமேசான் சாவி திருடங்க கைக்குப் போய், 5.7 கோடிப் பேரோட விவரம் களவு போச்சு. அதே 2016-ல வந்த கிரியேட் ரியாக்ட் ஆப், என்விரான்மென்ட் வேரியபிளைப் படிச்சு, பில்ட் நேரத்துலயே ஜாவாஸ்கிரிப்டுக்குள்ள பொதிஞ்சு வெச்சுடும். சுத்திச் சுத்தி மறுபடியும் ஆன்ட் காலம். அவ்வ்வ்வ்!

எங்க அப்ளிகேஷன் இன்னும் மேவன்தான். டேட்டாபேஸ் முகவரியை மட்டும் வார் ஃபைலை விட்டு வெளியே எடுத்து, அந்தந்த சர்வர்லயே வெச்சுட்டோம். கூடவே நான் ஒரு வரி சேர்த்தேன்: அப்ளிகேஷன் எழுந்ததும் எந்த டேட்டாபேஸோட பேசுதுங்கறதை லாக்ல முதல் வரியா எழுதிடும். வெள்ளிக்கிழமைன்னா அதை ரெண்டு தடவை படிச்சுட்டுதான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பறேன்.