கோடும் சொல்லும்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்து வடிகாலொன்று இடிந்து விழுந்தது. செய்தி கொணர்ந்த மண்டோர் கால்மணி நேரம் வாயால் விளக்கினார். கிராணியாகிய எனக்கு விளங்கவில்லை. பின்னர் ஒரு குச்சியை எடுத்து ஆபீசு வாசல் மண்ணில் நாலு கோடு கிழித்தார், உடனே விளங்கிற்று. ஆனால், எப்பொழுது இடிந்தது, எதனால் இடிந்தது, இனிச் செய்யவேண்டுவது யாது என்பனவற்றை அக்கோடுகள் கூறவில்லை. அவற்றை நான் எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று. கோட்டுக்கும் சொல்லுக்கும் தனித்தனி வேலை உண்டென்பதை அன்று உணர்ந்தேன்.

இவ்விரண்டையும் இணைத்துச் சிந்திக்கப் பழக்கிய பள்ளியொன்றின் வரலாற்றை நேயர்கள் அறிதல் நலம். 1919-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வைமார் நகரில், வால்ட்டர் குரோப்பியஸ் என்னும் கட்டடக் கலைஞர் பௌஹவுஸ் என்ற பள்ளியை நிறுவினார். கலைஞன் உயர்ந்தோன், கைவினைஞன் தாழ்ந்தோன் என்னும் சுவரை இடிக்க வேண்டுமென அவர்தம் அறிக்கை முழங்கிற்று. ஆகவே, தொடக்கத்தில் பட்டறைதோறும் இரண்டு ஆசிரியர் அமர்த்தப்பெற்றனர்: வடிவம் கற்பிப்பவர் ஒருவர்; தொழில் கற்பிப்பவர் ஒருவர்.

பட்டறை புகுமுன் மாணாக்கர் முதனிலைப் பயிற்சி பெறுதல் வேண்டும். அதனை வகுத்த யோஹன்னஸ் இட்டன், முன்பு சிறுவர் பள்ளி ஆசிரியராயிருந்தவர். பெரிது சிறிது, ஒளி இருள், வழவழப்பு சொரசொரப்பு என எதிர்ச்சொற்களை இணையிணையாக வைத்து, அவற்றைக் கையால் தடவியும் கண்ணால் கண்டும் கோட்டால் வரையுமாறு பயிற்றினார். சொல் கண்ணுக்கு வழிகாட்டிற்று. கை வரைந்தபின் அச்சொல்லே புதுப்பொருள் பெற்றது.

1923-இல் இட்டன் விலகினார். அவருக்குப்பின் அப்பயிற்சியை நடத்தியோருள் யோசப் ஆல்பர்ஸ் ஒருவர். அவர் வெறுங் காகிதத்தைக் கொடுத்து, வீணாக்காமல் ஏதேனும் செய்யுமாறு பணிப்பார். பொம்மை செய்தோரை விடுத்து, தாளை மடித்து நிமிர்ந்து நிற்கச் செய்த மாணாக்கனையே பாராட்டினார் என்பர். துவளும் தாள் மடிப்பினால் வலுப்பெறும் என்பதை அவன் கை கண்டுகொண்டதன்றோ! செய்தவற்றை முன்வைத்து, ஏன் இவ்வாறு ஆயிற்று என்று எல்லோரும் விவாதிப்பர். முதலில் கை, அதன்பின் சொல், பின்னர் மீண்டும் கை.

சமத்துவம் பேசிய இப்பள்ளியிலும் குறை இல்லாமலில்லை. பெண்களுக்கும் இடமுண்டென்று அறிவித்துவிட்டு, அவர்களுட் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே தள்ளினர். ஆயினும், குண்டா ஷ்டோல்ஸ்ல் என்னும் அம்மையார் 1927-இல் அப்பட்டறையின் தலைமையை ஏற்று, பள்ளிக்கு வருவாயும் புகழும் ஈட்டித் தந்தார்.

1933-இல் நாஜிகளின் நெருக்குதலால் பள்ளி மூடப்பட்டது. அவ்வாண்டே ஆல்பர்ஸ் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குச் சென்றார். அவருக்கு ஆங்கிலம் ஏறக்குறையத் தெரியாது. என்ன கற்பிப்பீர் என்று வினவியதற்கு, கண்களைத் திறக்கச் செய்வதே தம் வேலை என்னும் பொருள்பட விடையிறுத்தார். மொழி குறைந்தவிடத்தில் கோடும் கையும் துணைநின்றன.

அங்ஙனமாயின் சொல் வேண்டாவோ எனின், வேண்டும். 1958-இல் இந்திய அரசின் அழைப்பின்பேரில் அறிக்கை எழுதிய சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதிகள் நம் வீட்டுச் செம்பினைக் கண்டு வியந்தனர். அத்தகைய கலத்தை ஆக்க எண்ணுவோன், எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பிலும் தலையிலும் எவ்வாறு நிற்கும், என்ன விலையாகும் என்றெல்லாம் கேட்டாக வேண்டுமென வினாக்களை அடுக்கினர். இவ்வினாக்களைக் கோடு எழுப்பாது, சொல்லே எழுப்பும். அவ்வறிக்கையை ஒட்டி 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கல்வி நிலையம் தோன்றிற்று.

நான் ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்றவன். அங்கே எழுத்து பாடமாயிருந்தது, சித்திரம் பொழுதுபோக்காயிருந்தது. ஆகவே எனக்குப் பேனா வாய்த்தும் கோடு வாய்க்கவில்லை. மண்டோருக்குக் கோடு கைவந்தும் பேனா எட்டவில்லை. இருவரும் பாதியாய் நிற்கிறோம். நம் குழந்தைகளேனும் முழுமை பெற வேண்டாவா? தச்சன் கிழிக்கும் கோட்டைக் கூலி வேலையென்று இகழ்வதை விடுவோம். பிள்ளை தரையிற் கிறுக்கக் கண்டால் அடியாது, அருகிலமர்ந்து, "இது என்ன? ஏன் இப்படி வரைந்தாய்?" என்று கேட்போம். ஆண்பிள்ளையைக் கேட்பது போலவே பெண்பிள்ளையையும் கேட்போம்.