கரடிகள் மீது விழுந்த பழி: 2001-இன் கல்கத்தா

விலை சரியும்போது விற்றவன் மீது பழி சுமத்துவது பங்குச் சந்தைகளின் நெடுநாள் வழக்கம். 2001 மார்ச்சில் அப்பழி இந்தியாவில் விதியாகவே உருவெடுத்தது. அதே மாதம் கல்கத்தாவில் நிகழ்ந்தவை அந்தப் பழியை ஐயத்துக்குரியதாக்குகின்றன.

கல்கத்தா பங்குச் சந்தை 1908-இல் முறையாக நிறுவப்பட்டது. லயன்ஸ் ரேஞ்சிலும் பம்பாயிலும் ஊக வணிகத்தைத் தாங்கிய முறை ‘பத்லா’. பங்கை வாங்கியவர் முழுத் தொகையைச் செலுத்தாமல், வட்டி கொடுத்துக் கணக்கை அடுத்த தீர்வுக்குத் தள்ளிவைப்பார். கையில் இல்லாத பங்கை விற்ற ‘கரடி’யும் அவ்வாறே தள்ளிவைக்கலாம். விற்றவர்கள் மிகுந்து பங்குக்குத் தட்டுப்பாடு நேர்ந்தால், விற்றவரே வாங்கியவருக்குக் கட்டணம் தரவேண்டும். அது ‘உந்தா பத்லா’. காளை, கரடி ஆகிய இருவருக்கும் கடனே அடித்தளமாக இருந்தது.

கேத்தன் பரேக் கடன் பணத்தால் உயர்த்திய தொழில்நுட்பப் பங்குகள், 2001 நிதிநிலை அறிக்கையை அடுத்த நாள்களில் வீழ்ந்தன. மார்ச் 7 அன்று செபி ஷார்ட் விற்பனையைத் தடைசெய்தது. ஆயினும் கல்கத்தாவில் அம்மாதம் அடுத்தடுத்த மூன்று தீர்வுகளில் பணம் செலுத்தத் தவறியோர், சென்னையின் டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர் போன்ற பங்குகளைப் பெருமளவில் வாங்கியிருந்த தரகர்கள். கரடிகளின் விற்பனை சரிவை விரைவுபடுத்தியிருக்கலாம். சந்தையை முடக்கியதோ காளைகளின் கடன். போதிய மார்ஜின் வசூலிக்கப்படாததையும் சந்தைக்கு வெளியே நடந்த பத்லாவையும் பின்னர் கூட்டு நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தது.

2001 ஜூலை 2 முதல் பத்லா ஒழிந்தது. பங்குகளைக் கடன் வாங்கி விற்பதற்கான ஒழுங்குமுறை 2008 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. 2013-இல் லயன்ஸ் ரேஞ்சின் வணிகம் நின்றது.

அந்நகரின் கிழக்கே எழுந்துள்ள நியூ டவுனில் இன்று ஒரு தனிநபர், உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் விலை மிகை எனக் கருதுவதாகக் கொள்வோம். கடன் வாங்க அப்பங்கு கிடைக்காமலும், அதற்கு எதிர்கால ஒப்பந்தம் இல்லாமலும் இருந்தால், அன்றே விற்று அன்றே திருப்பி வாங்குவதே அவருக்குள்ள வழி. எதிர்கால ஒப்பந்தம் இருப்பின், சிறு மார்ஜினில் பெருந்தொகைக்கான பொறுப்பை அவர் ஏற்கிறார். பத்லாவின் இடத்தில் இன்று இருப்பது இதுவே. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குசார் வழிப்பொருள் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாகச் செபியின் ஆய்வு தெரிவிக்கிறது. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

விலை ஏறுமா, இறங்குமா என்ற கணிப்பைக் காட்டிலும், அக்கணிப்பு பிழைத்தால் யார் பணம் செலுத்துவார் என்ற வினாவே முதன்மையானது. 2001-இல் லயன்ஸ் ரேஞ்சு அவ்வினாவுக்கு விடையின்றி நின்றது.