குடிநோய்

குடிநோய் என்பது மது அருந்துவதைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கும் திறன் குலைந்து, உடலும் வேலையும் குடும்பமும் கெடுவது கண்ணெதிரே தெரிந்தும் குடி தொடர்கின்ற நாட்பட்ட நோய். ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதை மட்டும் வைத்து இதைக் கணிப்பதில்லை. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய்ப் பகுப்பு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்ற பிடி நழுவுவது; மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு மது முதலிடம் பிடிப்பது; பழைய அளவு போதாமல் போவது, குடி நின்றால் உடல் நடுங்குவது போன்ற உடல் மாற்றங்கள். இவற்றில் இரண்டு இருந்தாலே மருத்துவர் இதை நோயாகக் கருதுகிறார். ஆனால் இந்நோயின் மையம் இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கிறது. அது நிறுத்திய பிறகும் திரும்பி வருவது. குடியை நிறுத்தவே முடியாதவர்கள் குறைவு. நிறுத்திய நிலையில் நிற்க முடியாதவர்கள்தாம் குடிநோயாளிகளில் பெரும்பாலோர். சிகிச்சை பற்றிய குழப்பங்களில் பாதி, இந்த ஒன்றைக் காணத் தவறுவதால் வருகிறது.

இதை நோய் என்று சொல்வது புதிய நாகரிகம் அல்ல. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1784இலும், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டாமஸ் டிராட்டர் 1804இலும் குடிவெறியை மருத்துவம் கவனிக்க வேண்டிய நோயாக எழுதினார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956இல் இதை ஏற்றது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் தொடர்பான மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. ஆகவே சிகிச்சை பெறுவது இந்தியரின் சட்ட உரிமை. ஊரும் உறவும் மட்டும் இன்னும் இதைக் குணக்கேடாகவே பேசி வருகின்றன.

மூளையில் நடப்பது இதுதான். உணவு, உறவு போன்று உயிர் வாழ வேண்டியவற்றைத் திரும்பத் தேட வைக்கும் ஊக்கப் பாதை ஒன்று மூளையில் உண்டு. டோபமின் என்ற வேதிப்பொருள் அதில் இயங்குகிறது. மது அந்தப் பாதையை இயல்பை மீறித் தூண்டுகிறது. நாளடைவில் குடியால் கிடைக்கும் இன்பம் மங்குகிறது. ஆனால் குடியை நினைவூட்டும் கடைத்தெரு, கூட்டாளி, மாலை ஆறு மணி ஆகியவை எழுப்பும் வேட்கை மங்குவதில்லை. பிடிக்காமலேயே குடிக்கிறேன் என்று நோயாளிகள் சொல்வது சாக்கு அல்ல; விரும்புவதும் வேட்கை கொள்வதும் மூளையில் தனித்தனியே பிரிந்துபோன நிலையின் விவரிப்பு. இன்னொரு பக்கம், மது மூளையை அமைதிப்படுத்துவதால் அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் அந்தக் கிளர்ச்சி மட்டும் எஞ்சும். காலையில் கை நடுங்குவது அதனால்தான். கடும் குடிநோயில் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மாயத் தோற்றங்களும் குழப்பமும் காய்ச்சலும் சேர்ந்த சித்தப்பிரமையும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். நீண்ட நாள் தினமும் குடித்தவரை வீட்டு அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பது ஆபத்தான வேலை. மருத்துவமனையில் அமைதியூட்டும் மருந்தை ஐந்து முதல் ஏழு நாள் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்து, வைட்டமின் பி1 ஊசியும் போட்டு இந்தக் கட்டத்தைக் கடத்துகிறார்கள்.

நோய் என்பதை மறுப்பவர்கள் வலுவாக வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஐயப்பனுக்கு மாலை போட்டால் குடிப்பவர் ஒரு மண்டலம் முழுக்க மதுவைத் தொடாமல் இருக்கிறாரே, அப்படியானால் இது மனத்திட்பக் குறைவுதானே? கேள்வி நியாயமானது, விடை அதற்குள்ளேயே இருக்கிறது. மாலை போட்டவருக்கு அன்று முதல் பெயர் மாறுகிறது, எல்லோரும் சாமி என்கிறார்கள். உடை மாறுகிறது, விடிகாலைக் குளியல் வருகிறது, கடைக்குப் போகும் மாலை நேரத்தைப் பூசையும் பஜனையும் எடுத்துக்கொள்கின்றன, சேர்க்கை மாறுகிறது, வீடு மரியாதை காட்டுகிறது. வேட்கையைக் கிளப்பும் தூண்டுதல்களில் பெரும்பகுதி ஒரே நாளில் விலகிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன. அதே மனம், அதே திட்பம், மாறியது சூழல். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை ஆய்ந்த லீ ராபின்ஸ் கண்டதும் இதுவே. அங்கே ஹெராயினுக்கு அடிமையாயிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர்தாம். சூழலுக்கு இவ்வளவு வலிமை இருப்பதால் இது நோயில்லை என்று ஆகாது. உணவும் நடையும் மாறினால் சர்க்கரை குறைகிறது; அதனால் நீரிழிவை யாரும் நோயில்லை என்பதில்லை. லேசான நிலையில் உள்ள பலர் சிகிச்சையின்றியே விடுபடுவதும் உண்மை. முற்றியவர்களுக்கு அது அளவுகோல் ஆகாது.

நோய் என்றால் பொறுப்பு கழன்றுவிடுமே என்பது அடுத்த தடை. அடி வாங்கிய மனைவியும் பள்ளிக் கட்டணம் கட்டப்படாத பிள்ளையும் இருக்கும் வீட்டில் இந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. நோய் வந்ததில் குடிப்பவருடைய பங்கு ஒரு பகுதிதான். இரட்டையர், தத்துப்பிள்ளை ஆய்வுகளின்படி பாதிப்புக்கான வாய்ப்பில் பாதியளவு மரபணு வழியாக வருகிறது. ஆனால் நோய் என்று தெரிந்த பின் சிகிச்சைக்கு வருவதும் தொடர்வதும் அவருடைய பொறுப்பு. செய்த வன்முறைக்கு அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். நோய் என்ற சொல் மன்னிப்புச் சீட்டு அல்ல, எங்கே போக வேண்டும் என்று காட்டும் முகவரி. இதே காரணத்தால்தான் நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்துகளை ஏற்க முடியாது. 1948 முதல் குடிநோய்க்குப் பயன்படும் டைசல்பிரம், மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு மரணமே நேரும். அறிந்து விழுங்குபவரை இந்த அச்சம் காக்கிறது; அறியாதவரை மருந்தே கொல்லலாம்.

முறையான சிகிச்சையில் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு. அவை துணை. வேலையின் பெரும்பங்கு ஆலோசனையிலும் குடும்பத்தோடு நடத்தும் உரையாடலிலும் இருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் தமிழகத்தின் முன்னோடி. மனைவி, பெற்றோரையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் காசு வாங்காமல், பெயர் கேட்காமல் இன்று தமிழிலும் நடக்கின்றன. மாலை கழற்றிய பின் காணாமல் போகும் சேர்க்கையை ஆண்டு முழுவதும் தருவதே அவற்றின் பலம். மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்களைக் கொண்டு கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. தீங்கு தரும் அளவில் குடித்தவர்களில், நான்கு அமர்வு வரையிலான ஆலோசனை பெற்றோரில் 36 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் அந்நிலையிலிருந்து மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 26 விழுக்காட்டினர். எளிய உதவியும் வேலை செய்கிறது.

மீண்டும் குடித்துவிட்டால் பணமும் பாடும் வீண் என்று குடும்பங்கள் கைவிடும் இடம்தான் சிகிச்சை உண்மையில் தொடங்க வேண்டிய இடம். குடிநோய்க்கும் பிற போதைப் பழக்கங்களுக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்று 2000இல் டாமஸ் மெக்லெல்லனும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஓராண்டில் நோய் மீண்டும் முற்றுவது 50 முதல் 70 விழுக்காடு என்றும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ரத்த அழுத்தம் ஏறினால் மருந்தை மாற்றுகிறோம். குடித்தால் மட்டும் ஆளை விரட்டுகிறோம். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. தேசிய போதை மீட்பு உதவி எண் 14446. குடிப்பவர் இன்னும் சம்மதிக்காவிட்டாலும் வீட்டிலிருப்பவர்கள் அதை அழைக்கலாம்.