நான்கு, ஆறு, ஒன்று

எங்கள் வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. அது பாடுகிற நேரத்தைக் காட்டிலும் மௌனம் சாதிக்கிற நேரமே அதிகம். குற்றம் ரேடியோவினுடையது அல்ல, என் தகப்பனாருடையது. காலையில் செய்தி, மாலையில் செய்தி, ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நாடகம். இவ்வளவுதான் அவர் அதற்கு விதித்திருந்த உத்தியோகம். நாடகம் முடிந்து சினிமாப் பாட்டு ஆரம்பமாகும். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கி உட்காருவோம். 'டிக்' என்று ஒரு சப்தம் கேட்கும். அவ்வளவுதான், பாட்டு நின்றுவிடும்.

"பாட்டரிக் கட்டை என்ன, மரத்திலா காய்க்கிறது?" என்பார் அப்பா.

கட்டை ஓய்ந்து போனாலும் அதை உடனே தூக்கி எறிந்துவிட மாட்டார். மொட்டை மாடியில், அம்மா பிழிந்து வைத்த வடகத்துக்குப் பக்கத்தில், கட்டைகளை வரிசையாக வெயிலில் வைப்பார். வெயில் பட்ட கட்டை இன்னும் இரண்டு நாள் முனகும். அந்த இரண்டு நாளையும் தாம் சம்பாதித்த லாபமாகவே அவர் கருதினார்.

இந்தப் பழங்கதையை இப்போது ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். சென்ற மாதம், கையடக்கமான விளையாட்டுக் கருவிகளின் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பெரிய பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் பணத்தைப் போட்டு நடத்திய ஒரு வியாபார யுத்தம் அது. படித்து முடித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது மொட்டை மாடியும் வடகமும்தான். ஏனென்றால் அந்த யுத்தத்தில் பெரும் பங்கு பாட்டரிக் கட்டையினுடையது.

கியோட்டோ என்ற பழம்பெரும் ஜப்பானிய நகரத்தில், 1889-ஆம் ஆண்டில் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்து விற்பதற்காக ஒரு கடை தொடங்கப்பட்டது. நின்டெண்டோ என்ற கம்பெனியின் பிறப்பு அதுதான். 1965-ல், சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பராமரிக்கும் வேலையில் குன்பெய் யோகோய் என்ற இளைஞர் அங்கே சேர்ந்தார். வேலையில்லாத நேரத்தில், நீண்டு சுருங்கும் இடுக்கி போன்ற ஒரு கையைச் செய்து விளையாடிக் கொண்டிருந்தார். கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. நம் ஊராயிருந்தால் மறுநாளே சீட்டுக் கிழிந்திருக்கும். யமாவுச்சியோ அதையே விளையாட்டுச் சாமானாகச் செய்யச் சொன்னார். 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் அது கடைக்கு வந்து, பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இயந்திரம் துடைக்க வந்த ஆசாமி பொம்மை செய்கிற ஆசாமியாகிவிட்டார்.

பிறகு ஒரு நாள், அதிவேக ரயிலில் பிரயாணம் செய்த யோகோய், எதிரே இருந்த ஓர் உத்தியோகஸ்தர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அமுக்கிக் கொண்டிருப்பதைக் கண்டார். அந்தச் சமயத்தில் கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் நடந்த விலைப் போட்டியினால், எண்களைக் காட்டும் திரவப் படிகத் திரைகள் மலிவாகிவிட்டிருந்தன. கணக்குப் போடும் திரையில் விளையாட்டைக் காட்டினால் என்ன என்று யோகோய்க்குத் தோன்றியது. 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. கைக்கடிகாரத்தில் போடுகிற சிறு வில்லைப் பாட்டரியில் ஓடிய அந்தக் கருவிகள், வரிசை வரிசையாக வந்து, மொத்தத்தில் நான்கு கோடிக்கு மேல் விற்றன.

யோகோய் தம் தொழில் கொள்கைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். காய்ந்த தொழில்நுட்பத்தைப் புதுக் கோணத்தில் யோசித்துப் பயன்படுத்துவது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 'காய்ந்த' என்றால் பட்டுப்போன என்று மட்டும் கொள்ளக்கூடாது. பக்குவப்பட்ட என்றும் கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. புது அரிசி குழைந்து போகும். பழைய அரிசிதான் பதமாக வேகும், அளவும் காணும். புதிதாக வந்த அதிசயத்தின் பின்னால் ஓடாமல், நன்றாகப் பழகி, விலையும் இறங்கிவிட்ட பொருளை எடுத்து, யாரும் நினைக்காத உபயோகத்துக்குக் கொண்டுவருவதே அவருடைய யுக்தி.

இந்த யுக்தியை வைத்துத்தான் 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி ஜப்பானில் 'கேம் பாய்' வெளிவந்தது. சாம்பல் நிறப் பெட்டி; பாசி படிந்த குளம் போலப் பச்சைத் திரை; அதில் நான்கே சாயைகள். வர்ணம் கிடையாது. திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. மேலே விழுகிற வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுவதோடு அதன் வேலை சரி. சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்த அளவுக் கட்டை 4 போட்டால் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். நல்ல கட்டையானால் அதற்கு மேலும் ஓடும். அமெரிக்காவில் விலை சுமார் 90 டாலர்.

அதே 1989-ல் அமெரிக்காவில் 'லிங்க்ஸ்' வந்தது. இதை உருவாக்கிய ஆர். ஜே. மைக்கலும் டேவ் நீடிலும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 'அமிகா' என்ற கம்ப்யூட்டரை உருவாக்கியவர்களில் இருவர். எபிக்ஸ் என்ற கம்பெனியில் இவர்கள் உருவாக்கிய கருவியை அடாரி கம்பெனி விற்றது. கையடக்கக் கருவிகளில் வர்ணத் திரவப் படிகத் திரை வைத்தது இதுதான் முதல். பின்னால் விளக்கு எரிவதால் இருட்டிலும் தெரியும். இடது கைக்காரர்களுக்காகத் திருப்பிப் பிடித்து விளையாடவும் வசதி உண்டு. விலை சுமார் 180 டாலர். கட்டை 6. ஓடும் நேரமோ நான்கு ஐந்து மணி!

மறு வருஷம் அக்டோபரில் ஜப்பானின் செகா கம்பெனி 'கேம் கியர்' என்பதைக் கொண்டுவந்தது. இதுவும் வர்ணம்தான். இதற்கும் 6 கட்டை. மூன்று முதல் ஐந்து மணி நேரம். அமெரிக்காவுக்கு 1991-ல் போனபோது விலை சுமார் 150 டாலர். கேம் பாயின் பச்சைத் திரையைப் பரிகாசம் செய்து விளம்பரமும் செய்தார்கள்.

வர்ணத்துக்கும் பாட்டரிக்கும் என்ன விரோதம் என்று நேயர்கள் கேட்கலாம். அந்தக் காலத்து வர்ணத் திரை, தன்மேல் விழும் வெளிச்சத்தின் பெரும் பகுதியை விழுங்கிவிடும். பின்னால் ஒரு விளக்கு இடைவிடாமல் எரிந்தால்தான் படம் தெரியும். கேம் கியரில் வைத்திருந்தது ஒரு சின்னக் குழல் விளக்கு. நம் கூடத்தில் எரிகிற டியூப் லைட்டின் குழந்தை என்று சொல்லலாம். ஒரு டியூப் லைட்டைக் கடிகாரக் கட்டையில் எரித்தால் என்ன ஆகும்?

என் தகப்பனார் இருந்திருந்தால் இப்படிக் கணக்குப் போட்டிருப்பார். முப்பது மணி நேரம் விளையாட வேண்டுமென்றால், கேம் பாய்க்கு நான்கு நான்காக இரண்டு தடவை, 8 கட்டை. கேம் கியர் ஐந்து மணி நேரம் ஓடுவதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஆறு ஆறாக ஆறு தடவை, 36 கட்டை. மூன்று மணி என்றால் 60 கட்டை! மொட்டை மாடியில் வடகம் பிழிய இடம் இராது.

ஆனால் யோகோய் வெறும் சிக்கனக்காரர் மட்டும் அல்ல என்பதுதான் என்னைக் கவர்ந்த விஷயம். கேம் பாய் வெளியான பிறகு, போட்டிக் கம்பெனியின் கருவி வருவதாக ஒருவர் கலவரத்தோடு வந்து சொன்னாராம். அது வர்ணமா, கறுப்பு வெள்ளையா என்று யோகோய் விசாரித்தார். வர்ணம் என்றதும், அப்படியானால் கவலையில்லை என்று சொல்லிவிட்டார். கரும்பலகையில் சாக்குக்கட்டியால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டம் போட்டு, இது பனிப்பொம்மை என்று சொன்னால் போதும். பார்க்கிறவர் மனம் பனியின் வெண்மையைத் தானே கண்டுகொள்ளும் என்பது அவர் கட்சி. விளையாட்டில் ஆழ்ந்தவனுக்கு வர்ணம் தன் மனத்திலிருந்தே கிடைக்கும். அதற்காகப் பாட்டரியைக் கரைப்பானேன்?

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதிய முதல் தொடர்கதையில் முதல் அத்தியாயம் முழுவதும் சூரியோதயம். அரக்கு, மஞ்சள், ஊதா, செம்பருத்திச் சிவப்பு என்று எனக்குத் தெரிந்த வர்ணங்களையெல்லாம் ஆற்றங்கரையில் கொட்டினேன். ஆறாவது வாரத்தில் கட்டை ஓய்ந்துவிட்டது. 'தங்கள் கதாநாயகன் இன்னும் படித்துறையிலேயே ஈர வேஷ்டியோடு நிற்கிறாரே, அவருக்கு ஜலதோஷம் பிடிக்காதா?' என்று ஒரு வாசகி கார்டு எழுதியிருந்தார். வாசகருக்கும் மனம் என்று ஒன்று உண்டு, அங்கேயும் சூரியன் உதிக்கும் என்பதை அந்தக் கார்டுதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது. வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு எழுத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான். யோகோய்க்குத் தெரிந்த இந்த உண்மை எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

முடிவு என்ன ஆயிற்று? லிங்க்ஸ் முப்பது லட்சத்தைத் தாண்டவில்லை. கேம் கியர் ஒரு கோடிக்குச் சற்று அதிகம். கேம் பாயும், 1998-ல் வந்த அதன் வர்ணத் தம்பியும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல். அந்த வர்ணத் தம்பிக்கும் பின்னால் விளக்குக் கிடையாது; 2 கட்டையே போதும்.

எல்லாம் பாட்டரியின் மகிமை என்று சொல்லிவிட முடியாது. விலை ஒரு காரணம். அமெரிக்காவில் கேம் பாயோடு சேர்த்துக் கொடுத்த 'டெட்ரிஸ்' இன்னொரு காரணம். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் கண்டுபிடித்த, கட்டம் கட்டமாக விழும் அந்த ஆட்டத்துக்கு வர்ணம் தேவையே இல்லை. உறுதியும் ஒரு காரணம். 1991 வளைகுடாப் போரில் குண்டு விழுந்து எரிந்த பாசறையிலிருந்து ஒரு கேம் பாய் மீட்கப்பட்டது. மேல் ஓடு உருகிக் கருகியிருந்தது. ஆனாலும் அதில் டெட்ரிஸ் ஓடிற்று. நியூயார்க்கில் நின்டெண்டோ கடையில் அதைப் பல வருஷங்கள் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

தோற்றவர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். இன்றைக்கு நம் சட்டைப் பைகளில் இருக்கும் செல்போன்களெல்லாம் யாருடைய வாரிசு? வர்ணத் திரை, விடாமல் எரியும் வெளிச்சம், ராத்திரியானால் சுவரில் மாட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டிய கட்டாயம். மைக்கலும் நீடிலும் கண்ட கனவுதான் பலித்திருக்கிறது. எதிர்காலம் எது என்பதில் அவர்கள் தவறவில்லை. ஆனால் 1989-ஆம் வருஷத்துக் குழந்தை 1989-ஆம் வருஷத்துப் பாட்டரியைப் போட்டுத்தானே விளையாட வேண்டியிருந்தது?

யோகோயும் சறுக்காதவர் அல்ல. 1995-ல் அவர் தலைமையில் வந்த 'வர்ச்சுவல் பாய்', மேஜைமேல் வைத்து, முகத்தைப் பொருத்திக்கொண்டு பார்க்க வேண்டிய கருவி. சிவப்பு ஒன்றே நிறம். எட்டு லட்சம்கூட விற்காமல் ஒரு வருஷத்துக்குள் மறைந்து போயிற்று. அதற்கு எத்தனை கட்டை தெரியுமா? 6! எதிராளிகளின் எண்ணிக்கை கடைசியில் அவரையும் பிடித்துக் கொண்டது.

1996-ல், முப்பத்தோரு வருஷ சேவைக்குப் பிறகு, யோகோய் நின்டெண்டோவை விட்டு விலகிச் சொந்தமாக 'கோட்டோ' என்ற சிறு கம்பெனி ஆரம்பித்தார். அங்கிருந்து பண்டாய் கம்பெனிக்காக மறுபடி ஒரு கையடக்கக் கருவியை வடிவமைக்கலானார். 1997 அக்டோபர் 4-ஆம் தேதி, நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் ஒரு சிறு விபத்தில் சிக்கியது. என்ன ஆயிற்று என்று பார்க்கக் கீழே இறங்கியவர்மேல் இன்னொரு கார் மோதிவிட்டது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் முடிக்காமல் விட்டுப்போன கருவி 1999 மார்ச்சில் 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் ஜப்பானில் வெளிவந்தது. கறுப்பு வெள்ளைத் திரை. அதோடு வந்த ஆட்டங்களில் ஒன்றுக்கு அவருடைய நினைவாகவே 'குன்பெய்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் கருவி முப்பது மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுமாம். எத்தனை கட்டை என்று தேடிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று! அப்பா இருந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்த பிறகு, இன்னும் ஒரு சினிமாப் பாட்டுக்கு உத்தரவு கொடுத்திருப்பார்.